நட்டு இறுக்கமாக இருந்தும் சக்கரம் சாய்ந்தது ஏன்?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரின் டயரை நீங்கள் எப்போதாவது முழுமையாகப் பார்த்ததுண்டா? "தினமும்தான் பார்க்கிறோம்" என்பீர்கள். நாம் தினமும் பார்ப்பது டயரின் வெளிப்பக்கத்தை மட்டுமே. காருக்கு அடியில், உள்பக்கம் திரும்பியிருக்கும் விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் வளர்கிறது.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பக்க அப்சோர்பர் இரண்டும் பழுதாகிவிட்டதால் புதிதாக மாற்றினேன். பிறகு சக்கர அலைன்மெண்டும் செய்தார்கள். கணினித் திரையில் எண்கள் எல்லாம் பச்சை நிறத்தில் தெரிந்தன. திருப்தியோடு வீடு திரும்பினேன். மூன்று மாதங்கள் கழித்துத் தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், டயருக்குக் காற்றடிக்கப் போனேன். ஸ்டீயரிங் முழுவதும் திரும்பியிருந்ததால் இடப்பக்க முன் டயரின் உள்விளிம்பு தற்செயலாகக் கண்ணில் பட்டது. அங்கே ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் கம்பி மின்னிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தில் இருந்து பார்த்தால் அதே டயர் புதிது போலவே இருந்தது.

மறுநாள் அந்த டயரோடுதான் மழையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போயிருப்பேன்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். உடனே ஸ்பேனரை எடுத்து அந்த நட்டைத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. "பாருங்க சார், நட்டு டைட்டாதான் இருக்கு. கழலவே இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அலைன்மெண்ட் இயந்திரம் வேறு கதை சொன்னது. சக்கரத்தின் கேம்பர் ஒரு டிகிரிக்கு மேல் மாறியிருந்தது.

நட்டு கழலவில்லை. ஆனால் சக்கரம் சாய்ந்துவிட்டது. இது எப்படி முடியும்? இந்தக் கேள்விக்கான விடை உங்கள் இயற்பியல் பாடநூலில்தான் இருக்கிறது. அதை நம்மில் பலர் பாடநூலிலேயே விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரி

காருக்கு நேர் முன்னால் நின்று சக்கரத்தைப் பாருங்கள். அது செங்குத்தாக நிற்கிறதா, சற்றே சாய்ந்திருக்கிறதா? அந்தச் சாய்வுக் கோணம்தான் கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி காரை நோக்கி உள்ளே சாய்ந்தால் எதிர்மறைக் கேம்பர். வெளியே சாய்ந்தால் நேர்மறைக் கேம்பர். பெரும்பாலான குடும்பக் கார்களில் இது பூஜ்ஜியத்தை ஒட்டிய சிறு கோணமாகவே இருக்கும்.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் மைவி, சாகா போன்ற கார்களின் முன்பக்கத்தில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு இருக்கிறது. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கியது அது. சுருள்வில்லும் அப்சோர்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். இத்தகைய கார்கள் பலவற்றில் அந்தத் தூணின் அடியில் இரண்டு தகடுகள் இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புப் பகுதி அவற்றுக்கு நடுவே நுழைந்து நிற்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

கேம்பரை மாற்றும் வசதி பல கார்களில் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. தேவைப்படும்போது மேல் போல்ட்டை எடுத்துவிட்டு, நடுவில் மெலிந்து, ஒரு பக்கம் புடைத்திருக்கும் கேம்பர் போல்ட் என்ற ஒன்றைப் போடுவார்கள். சில கார்களில் துளையே சற்று நீளமாக இருக்கும். எந்த வகையானாலும் மேல் போல்ட் இருக்கும் இடத்தில் நக்கிள் சற்று உள்ளே வெளியே நகர இடம் கிடைக்கிறது. அதை வைத்துத்தான் கோணத்தை அமைக்கிறார்கள்.

இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே 57 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 1 மி.மீ. நகர்ந்தால் கோணம் எவ்வளவு மாறும்? 1ஐ 57ஆல் வகுத்தால் ரேடியனில் விடை கிடைக்கும். அதை டிகிரியாக மாற்றினால் கிட்டத்தட்ட சரியாக 1 டிகிரி. அதாவது, ஒரு கடன் அட்டையின் தடிமனைவிடச் சற்றே அதிகமான நகர்வு போதும், உங்கள் கார் சக்கரம் ஒரு டிகிரி சாய்ந்துவிடும்.

பிடித்திருப்பது போல்ட் அல்ல, உராய்வு

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நக்கிளை அந்த இடத்தில் நகராமல் பிடித்திருப்பது எது?

"போல்ட்தான்" என்று நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். சுவரில் அடித்த ஆணியில் படம் தொங்குவதுபோல, துளைக்குள் இருக்கும் போல்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். ஆனால் இங்கே துளையில் இடைவெளி இருக்கிறது. போல்ட் துளையின் பக்கத்தைத் தொட்டுத் தடுக்கவில்லை என்றால், தடுப்பது வேறு ஒன்று.

அதுதான் உராய்வு. பள்ளியில் மலாய் மொழியில் 'டாயா கெசெரான்' என்று படித்தீர்களே, அதே உராய்வு விசை. போல்ட்டின் வேலை நக்கிளைத் தடுப்பது அல்ல. இரு தகடுகளையும் நக்கிளோடு சேர்த்து நெருக்குவதுதான் அதன் வேலை. அந்த நெருக்கத்தால் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நிற்க வேண்டிய கோணத்தில் நிறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்டவை. கார்களுக்கு ஏற்ப அவை மாறும்.

14 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குகிறோம். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். நெருக்கும் விசையைக் காண முறுக்குவிசையை விட்டத்தாலும் 0.2 என்ற எண்ணாலும் வகுக்க வேண்டும். 0.2 என்பது உலர்ந்த எஃகு மரைகளுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் எண். விடை ஏறக்குறைய 35,700 நியூட்டன். அதாவது மூன்றரை டன் எடை. மூன்று சிறிய கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அமுக்குவது போன்ற விசையை ஒரே ஒரு போல்ட் தருகிறது!

உராய்வுக் குணகம் 0.15 என்று கொள்வோம். நக்கிளின் இருபுறமும் தகடுகள் இருப்பதால் உராயும் பரப்புகள் இரண்டு. 0.15 பெருக்கல் 35,700 பெருக்கல் 2. விடை சுமார் 10,700 நியூட்டன். இந்த இணைப்பு நழுவாமல் தாங்கக்கூடிய விசை இவ்வளவு.

இனி சாலையைக் கவனிப்போம். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது, அந்த இணைப்பில் 300 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 57 மி.மீ. இடைவெளியில் அதைத் தாங்க மேல் போல்ட் இருக்கும் இடத்தில் சுமார் 5,300 நியூட்டன் உராய்வு வேண்டும். நம்மிடம் 10,700 இருக்கிறது. இரண்டு மடங்கு பாதுகாப்பு. சக்கரம் நகராது.

இப்போது போல்ட்டைப் பாதி மட்டும் இறுக்கியிருந்தால்? தாங்கும் விசை சுமார் 5,350 நியூட்டன். நூலிழையில் தப்பிக்கிறோம். பாதி இறுக்கத்தோடு தகடுகளுக்கு இடையில் எண்ணெயும் பட்டு, உராய்வுக் குணகம் 0.1ஆகக் குறைந்துவிட்டால்? தாங்கும் விசை 3,570 நியூட்டன் மட்டுமே. குழியில் இறங்கிய மறுகணம் நக்கிள் நழுவிவிடும். நட்டோ ஒரு இம்மிகூடத் திரும்பியிருக்காது!

என் காரில் நடந்தது இதுதான். பிரித்துப் பார்த்தபோது தகட்டின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை மினுமினுத்தது. அதன் நடுவே புதிதாகச் சுரண்டியது போன்ற ஒரு சிறு கோடு. நக்கிள் நழுவிச் சென்ற தடம் அது.

அது ஏன் எப்போதும் எதிர்மறைப் பக்கமாகவே நழுவப் பார்க்கிறது என்றும் நீங்கள் கேட்கலாம். சாலை, சக்கரத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தூணுக்கு நேர் கீழே விழாமல் சற்று வெளியே விழுகிறது. அதனால் சக்கரத்தின் தலை காரை நோக்கிச் சாய முயல்கிறது. பாரம் உள்விளிம்புக்கு மாறுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கேம்பர் மாறினால் சக்கரம் நோக்கும் திசையும் சற்று மாறிவிடும். கார் போகும் திசையிலிருந்து சக்கரம் 1 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை சுமார் 200 கிலோமீட்டர். மூன்றரைக் கிலோமீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

தவறான நோய்க்குத் தரும் மருந்து

இந்தச் சிக்கலைச் சொன்னால் உடனே பலர் வைத்தியம் சொல்வார்கள். "ஸ்பிரிங் வாஷர் போடு", "மரையில் பசை போடு", "இரண்டு இடத்தில் வெல்டிங் வை". மூன்றையுமே நான் ஏற்கமாட்டேன்.

மரைப் பசை நட்டு திரும்பாமல் தடுக்கும். நம் சிக்கலோ நட்டு திரும்புவது அல்ல, தகடு நழுவுவது. இரண்டும் வேறு வேறு. ஸ்பிரிங் வாஷரின் கதை இன்னும் சுவையானது. நட்டை முழுதாக இறுக்கும்போது அது தட்டையாகி, சாதாரண வாஷராகவே மாறிவிடுகிறது. பூட்டும் வேலைக்கு அது பயன்படாது என்று நாசா 1990இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடே சொல்கிறது. வெல்டிங் இன்னும் மோசம். அந்த வெப்பம் எஃகின் வலிமையைக் கெடுக்கக்கூடும். அடுத்த முறை கோணத்தைச் சரிசெய்யவும் வழி இராது.

ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இறுக்கிய போல்ட்டைப் பக்கவாட்டில் அதிரச் செய்து பார்த்தவர் அவர். தகடுகள் பக்கவாட்டில் நழுவும்போதுதான் நட்டும் எளிதாகக் கழலத் தொடங்குகிறது என்று காட்டினார். அதாவது நழுவல்தான் நோய். நட்டு கழலுவது பிறகு வரும் அறிகுறி. நாமோ அறிகுறிக்கு மருந்து போட்டுவிட்டு, நோயைக் காரோடு அனுப்பி வைக்கிறோம்.

பெரிய வாஷர் போட்டால் பரப்பு கூடும், உராய்வும் கூடும் என்று நினைக்கிறீர்களா? பிரெஞ்சு அறிஞர் அமொண்டோன் 1699இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். உராய்வு விசை நெருக்கும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்தது அல்ல. பெரிய வாஷர் அழுத்தத்தைப் பரப்பி, தகடு குழியாமல் காக்கும். அவ்வளவுதான்.

கை சொல்வதும் அளவு சொல்வதும்

"இருபது வருஷ அனுபவம், கையே சொல்லிடும்" என்று பட்டறைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஓசையைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கும் கைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஓர் இடத்தில் கை ஏமாந்துவிடும்.

ஏன் தெரியுமா? நட்டைத் திருப்பும்போது கை உணர்வது முறுக்குவிசையை மட்டுமே. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வை வெல்லவே செலவாகிறது. மீதி ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நெருக்கத்தை உண்டாக்குகிறது. மரையில் துரு இருந்தால் கை சீக்கிரமே "இறுகிவிட்டது" என்று சொல்லும். போல்ட் உண்மையில் தளர்வாகவே இருக்கும். என் பட்டறைக்காரரின் ஸ்பேனர் அவரை ஏமாற்றியதும் இப்படித்தான். நட்டு திரும்ப மறுத்தது. ஆனால் நெருக்கம் போதவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் கணக்கில் வந்த போல்ட், இறுக்கும்போது ரப்பர்போல நீளும். எவ்வளவு? 50 மி.மீ. நீளத்துக்கு 0.08 மி.மீ.க்கும் குறைவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்த நீட்சிதான் மூன்றரை டன் நெருக்கத்தைத் தருகிறது. தகடுகளுக்கு நடுவே பெயிண்ட் இருந்து, நாளடைவில் அது 0.04 மி.மீ. நசுங்கினால், நெருக்கத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும்! நட்டை யாரும் தொடவில்லை. ஆனாலும் பாதி பலம் காணாமல் போகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இவைதான். ஒட்டும் பரப்புகளில் எண்ணெயும் துருவும் தடித்த பெயிண்டும் இல்லாமல் துடைக்க வேண்டும். போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேம்பர் போல்ட்டின் புடைப்பு சுழன்று கோணம் மாறிவிடும். முறுக்குவிசை காட்டும் டார்க் ரென்ச்சால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கேம்பர் போல்ட் மெலிதானது என்பதால் அதற்கென்று தனி அளவு உண்டு. பழைய போல்ட்டின் அளவில் அதை இறுக்கக் கூடாது. கேம்பரை முதலில் முடித்துவிட்டு, சக்கரம் நோக்கும் திசையைப் பிறகு சரிசெய்ய வேண்டும். இறுதியாக, நக்கிளிலும் தகட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சில வாரங்கள் ஓடிய பிறகு கோட்டையும் கோணத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

டார்க் ரென்ச் மட்டும் பிழையற்றதா என்றால், இல்லை. ஒரே முறுக்குவிசையில் இறுக்கிய இரு போல்ட்டுகளின் நெருக்கத்தில் 25 விழுக்காட்டுக்கு மேலும் வேறுபாடு வரலாம். அதனால்தான் அளவோடு நிற்காமல், கோடும் மறுபரிசோதனையும் வேண்டும் என்கிறேன். தன் அளவையும் சந்தேகித்து, திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் அறிவியல் முறை. அது சலிப்பான வேலைதான். உயிரைக் காக்கும் வேலைகள் பலவும் சலிப்பானவையே.

பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். அலைன்மெண்ட் செய்ததும் முன்பிருந்த கோணம், பின்பு அமைத்த கோணம், இறுக்கிய அளவு ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தாருங்கள். எழுதித் தருபவர் அளந்தே ஆக வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்தும் வாடிக்கையாளர் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, மாணவர்களே. அடுத்து ஊருக்குப் புறப்படும் முன், சமதரையில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கைப் போடட்டும். கைப்பேசி விளக்கை அடித்து முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் தெரியும். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழமான 1.6 மி.மீ.யைக் காட்டும் அடையாளம் அது. ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

வீட்டுக்குள் செய்ய ஒரு சோதனையும் உண்டு. இரண்டு எஃகு அடிக்கோல்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரு துணிக் கிளிப்பால் கவ்வி, இழுத்துப் பாருங்கள். பிறகு இரண்டு கிளிப்புகள் போட்டு இழுங்கள். கடைசியாக, நடுவில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு இழுங்கள். கிளிப் எதுவும் கழலாது. ஆனாலும் அடிக்கோல் நழுவும்.

அந்தக் கணத்தில் உங்கள் கையில் உணர்வதுதான், என் காரின் சக்கரத்தில் நடந்தது.